பைக் கண்ணாடியில் பஸ் எங்கே நிற்கிறது?

கேள்வி, தொண்டியிலிருந்து. 3 ஜூன்

பைக்கின் இரண்டு கண்ணாடியும் உடைந்துபோய், கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறேன். ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. இடது கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் பெரிதாகத் தெரிகிறது. வலது கண்ணாடியில் அதே பஸ் பொடிசாக எங்கோ வருகிறது. தேவிபட்டினம் தாண்டி ஈசிஆரில் வலது கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தூரத்தில்தானே வருகிறது என்று சாலைக்கு நடுவே ஏறினேன். ஹாரன் காதுக்குள் கேட்டது. விற்றவர், "அது வளைவுக் கண்ணாடி, பிம்பத்தைத் தள்ளிக் கொண்டுபோய் தூரத்தில் போடும்" என்கிறார். பிம்பம் தூரத்தில் விழுவதால்தான் பஸ் தூரத்தில் தெரிகிறதா?

3 ஜூன், இரவு

இல்லை. நேர் எதிர். அந்த வளைவுக் கண்ணாடியில் பஸ்ஸின் பிம்பம் உங்கள் மூக்குக்கு ஒன்றேகால் மீட்டருக்குள் நிற்கிறது. தட்டைக் கண்ணாடியில்தான் அது முப்பது மீட்டர் தள்ளி நிற்கிறது.

நான் ராமநாதபுரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். படித்தது இயற்பியல், பிழைப்பது கண்ணாடி வெட்டி. அதனால் இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை. கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

தட்டைக் கண்ணாடி, அதாவது சமதள ஆடி: பொருள் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறதோ, பிம்பம் அவ்வளவு தூரம் பின்னால். பஸ் 30 மீட்டரில் வந்தால் பிம்பமும் கண்ணாடிக்குப் பின்னால் 30 மீட்டரில். அளவும் அதே அளவு. குறைவே கிடையாது.

வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி, பள்ளிக்கூடப் பாஷையில் குவியாடி: வளைவு ஆரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குவியத் தொலைவு அதில் பாதி, 60 செ.மீ. பொருள் எங்கே இருந்தாலும் பிம்பம் கண்ணாடிக்கும் அந்த 60 செ.மீ. புள்ளிக்கும் நடுவில்தான் விழும், அதைத் தாண்டவே தாண்டாது. பஸ் 30 மீட்டரில் இருந்தால் பிம்பம் சுமார் 59 செ.மீ. பின்னால். 3 மீட்டர் உயர பஸ், கிட்டத்தட்ட 6 செ.மீ. பொம்மையாக அங்கே நிற்கும்.

உங்கள் கண் கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆக, 6 செ.மீ. பஸ்ஸை ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து பார்க்கிறீர்கள். கண்ணில் அது பிடிக்கும் கோணத்தைக் கணக்கிட்டால், நிஜ பஸ்ஸை 60 மீட்டரில் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. பஸ் எவ்வளவு பெரிது என்று மூளைக்குத் தெரியும். இவ்வளவு சின்னதாகத் தெரிந்தால் 60 மீட்டரில்தான் வரும் என்று அதுவாகவே முடிவு கட்டிவிடுகிறது. பிம்பத்தைத் தள்ளிப் போட்டது கண்ணாடி இல்லை, நம் தலை.

4 ஜூன், காலை

மண்டபத்தில் பாடம் எடுக்கும் ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: "இரண்டு கண் இருக்கிறதே. பிம்பம் 1.2 மீட்டரில்தான் இருக்கிறது என்று இரண்டு கண்ணும் சேர்ந்து சொல்லாதா?"

சொல்லும். ஓட்டும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. அரைக் கணம் திரும்பிப் பார்க்கிறோம், பழகிய பொருளின் அளவை வைத்து முடிவெடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் அவர் கேள்வியால் எனக்கே ஒரு விஷயம் துலங்கியது. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. வளைவுக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் வண்டியின் நம்பர் கொஞ்சம் மசங்கலாகத் தெரியும், தட்டையில் பளிச்சென்று தெரியும். கண்ணாடி மட்டம் என்று இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. தட்டையில் கண் முப்பது மீட்டருக்குக் குவிய வேண்டும், அது எனக்குச் சுலபம். வளைவில் சாலையை விட்டு ஒரு மீட்டர் சொச்சத்துக்கு இறங்கி வர வேண்டும், அங்கேதான் வயசு இடிக்கிறது. பிம்பம் கிட்டத்தில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

4 ஜூன், மதியம்

எது தட்டை, எது வளைவு என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டவருக்கு: ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பைக் கண்ணாடி மேல் நிறுத்துங்கள். முழுக்கப் படிந்து உட்கார்ந்தால் தட்டை. நடுவில் முட்டி, இரு முனையிலும் வெளிச்சம் தெரிந்தால் புடைத்தது. கடையில் நான் வாசல் நிலையைப் பிடித்துப் பார்ப்பேன். கண்ணாடியை மெல்ல ஆட்டும்போது நிலைக்கோடு வளைந்தால் வளைவு. ஸ்கேல் தேடப் பொறுமை கிடையாது.

4 ஜூன், இரவு

"அப்படியானால் எதற்கு வளைவு? இரண்டிலும் தட்டையே மாட்டிவிட்டால் என்ன?"

அகலத்துக்காக. 10 செ.மீ. அகலத் தட்டைக் கண்ணாடியை 60 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் பின்னால் ஒன்பதரை டிகிரிதான் தெரியும். மேலே சொன்ன வளைவில் பத்தொன்பது டிகிரி. உருவம் பாதி, பார்வை இரட்டிப்பு. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும். பக்கத்தில் ஒட்டி வருகிற ஆட்டோ தட்டையில் மாட்டவே மாட்டாது.

என் அபிப்பிராயம்: இரண்டும் வளைவாக இருக்கட்டும், பரவாயில்லை. ஒன்று அப்படி, ஒன்று இப்படி என்பதுதான் ஆபத்து. மூளை ஒரே அளவுகோலுக்குப் பழகிக்கொள்ளும், இரண்டுக்குப் பழகாது. தொண்டிக்காரர் முதலில் ஜோடியை மாற்றட்டும்.

6 ஜூன்

பாம்பனில் ஒரு சலூனுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு வந்தேன். முதலாளிக்கு ஆறடிக் கண்ணாடி வேண்டுமாம், "ஆள் முழுசாகத் தெரியணும் அண்ணே". பாதி போதும் தம்பி என்றால் நம்பவில்லை. விற்கிறவனே குறைத்து வாங்கு என்றால் யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

170 செ.மீ. ஆளுக்கு 85 செ.மீ. கண்ணாடி போதும். மாட்டுகிற உயரம்தான் முக்கியம். மேல்விளிம்பு கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவில், கீழ்விளிம்பு கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில் வர வேண்டும். பாதத்திலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டு, எந்தக் கோணத்தில் வந்ததோ அதே கோணத்தில் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால் அது படுகிற இடம் சரிபாதி உயரத்தில்தான் இருக்கும்.

உடனே வழக்கமான மறுப்பு: "கொஞ்சம் பின்னால் போனால் கால் தெரிகிறதே." நேராக நிறுத்திய கண்ணாடியில் தெரியாது. பின்னால் போனால் நீங்களும் போவீர்கள், பிம்பமும் போகும், கணக்கு மாறாது. நம்பாதவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சோப்புத் துண்டால் கண்ணாடியில் தெரியும் முகத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அளந்தால் முகத்தில் பாதி. நாலு அடி பின்னால் போய் பாருங்கள், முகம் அந்தக் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

6 ஜூன், இரவு

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் விடுவதாக இல்லை. "எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பின்னால் போனால் சத்தியமாகக் கால் தெரிகிறது."

காக்கா, அது ஆணியில் தொங்குகிற கண்ணாடியா? மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்குமே? அப்படியென்றால் தெரியத்தான் செய்யும். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி சாயும். பார்வை தரைப்பக்கம் இறங்கிவிடுகிறது, பின்னால் போகப் போக இன்னும் கீழே இறங்கும். கீழ்ப்பக்கம் ஒரு தீப்பெட்டியைச் செருகி நேராக்கிவிட்டுப் பாருங்கள்.

7 ஜூன்

காக்கா பதில் போட்டிருக்கிறார்: "தீப்பெட்டி வேலை செய்கிறது. ஆனால் இப்போது கால் தெரியவில்லை என்று வீட்டில் சண்டை. தீப்பெட்டியை எடுத்துவிட்டேன்."

8 ஜூன்

சலூனில் நடந்த இன்னொரு வாக்குவாதத்தையும் இங்கே இறக்கிவைக்கிறேன். முடிவெட்ட உட்கார்ந்திருந்த ஒருவர், "கண்ணாடி இடத்தை வலமாக்குகிறது, ஏன் தலையைக் காலாக்குவதில்லை?" என்று கேட்டார். நல்ல கேள்வி, பாதிப் பேர் தப்பாகப் பதில் சொல்கிற கேள்வி.

அந்தக் கண்ணாடி கிழக்குச் சுவரில் இருக்கிறது. அவர் ராமேஸ்வரம் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இடது கையை நீட்டச் சொன்னேன். அது வடகடல் பக்கம். கண்ணாடி ஆளின் கையும் வடகடல் பக்கம்தான். வலது கை தென்கடல் பக்கம், அவனுடையதும் தென்கடல் பக்கம். மேலே காட்டினால் அவனும் மேலே. இப்போது நேராக முன்னால், ராமேஸ்வரத்தைக் காட்டுங்கள் என்றேன். கண்ணாடி ஆள் மண்டபத்தைக் காட்டுகிறான்!

அவ்வளவுதான் விஷயம். கண்ணாடி இடம் வலத்தை மாற்றுவதில்லை, மேல் கீழையும் மாற்றுவதில்லை. முன் பின்னைத்தான் மாற்றுகிறது. அவன் திரும்பி நிற்கிற ஒரு ஆள் என்று நாம் கற்பனை செய்துகொள்வதால்தான் கை மாறிய மாதிரி இருக்கிறது. ஆம்புலன்ஸ் முன்னால் எழுத்தைத் திருப்பி எழுதியிருப்பதற்கும் இதே காரணம்.

கை மாறாத கண்ணாடி வேண்டுமா? இரண்டு தட்டைத் துண்டுகளைப் புத்தகம் மாதிரி சரியாக 90 டிகிரிக்கு நிறுத்தி, நடு மடிப்பைப் பாருங்கள். இரண்டு முறை திரும்பி வருவதால் அதில் தெரியும் முகம் மற்றவர்கள் பார்க்கும் உங்கள் முகம். வகிடு எதிர்ப்பக்கம் இருக்கும், சீப்பு எடுத்தால் கை தடுமாறும். சலூன்காரத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், கஸ்டமர் ஓடிருவான்" என்றார்.

10 ஜூன்

இயற்பியலை விட்டுவிட்டு ஒரு தொழில் புலம்பல். கடற்கரை ஊரில் கண்ணாடிக்கு ரசம் சீக்கிரம் போகிறது. பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, எங்கே போனாலும் விளிம்பிலிருந்து கறுப்புத் திட்டு உள்ளே ஊர்ந்து வரும். பின்னால் இருப்பது மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதன்மேல் பாதுகாப்புப் பெயின்ட். வெட்டிய விளிம்பில் பெயின்ட் கிடையாது. உப்பு ஈரம் அங்கேதான் நுழைகிறது.

இரண்டு காரியம் செய்யுங்கள். சுவரோடு ஒட்டாமல் காற்றுப்போக இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஒட்டுவதாக இருந்தால் வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலமே பூச்சைத் தின்னும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். போன வருடம் ஒரு விடுதியில் என் பேச்சைக் கேட்காமல் மலிவுச் சிலிக்கானில் வரிசையாக ஒட்டினார்கள். இன்றைக்கு ஒவ்வொரு கண்ணாடியிலும் எங்கெங்கே பசை வைத்தார்கள் என்று முன்னால் நின்றே எண்ணலாம்.

ஒரு விரல் நுனியைக் கண்ணாடியில் வையுங்கள். விரலுக்கும் பிம்ப விரலுக்கும் நடுவே இடைவெளி தெரியும், பூச்சு பின்பக்கம் இருப்பதால். ஆரன்முளையில் செம்பும் ஈயமும் கலந்து வார்க்கும் உலோகக் கண்ணாடியில் அந்த இடைவெளி இருக்காது, முகமே பளபளப்பு. தொலைநோக்கியிலும் அப்படித்தான், முன்பக்கம்தான் பூசுவார்கள்.

11 ஜூன்

மேலே "ஈயம்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு மண்டபத்து ஆசிரியர் பிடித்துக்கொண்டார். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம்தான் சார், காரீயம் இல்லை.

13 ஜூன்

உட்குழிந்த கண்ணாடியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது, ஆகவே எழுதுகிறேன்.

சவரக் கண்ணாடி, முகத்தைப் பெரிதாகக் காட்டுமே, அது குழியாடி. குவியத் தொலைவு 50 செ.மீ. என்று வையுங்கள். முகத்தை 25 செ.மீ.க்குக் கொண்டுபோனால் பிம்பம் 50 செ.மீ. பின்னால், இரண்டு மடங்கு அளவில். மெதுவாகப் பின்னால் வாருங்கள். முகம் வீங்கிக்கொண்டே போகும். 50 செ.மீ.யில் குழம்பிக் கண்ணாடி முழுக்க தோல் நிறமாக ஆகிவிடும். அதைத் தாண்டி வந்து நின்றால் தலைகீழாக நிற்பீர்கள்.

1 மீட்டரில் நின்றால் ஒரு வேடிக்கை. உங்கள் தலைகீழ் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை, முன்னால், நீங்கள் நிற்கிற இடத்திலேயே, அதே அளவில். விரலை நீட்டி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், ஒரு இடத்தில் விரல்நுனியும் பிம்பத்தின் நுனியும் அந்தரத்தில் முட்டிக்கொள்ளும். இது மெய்பிம்பம், வெள்ளைத் தாளில் பிடிக்கலாம். பகலில் இருட்டு அறையில் நின்று, ஜன்னல் வெளிச்சத்தைக் குழியாடியால் தாளின் மேல் திருப்புங்கள். ஜன்னலும் கம்பியும் வெளியே தென்னையும் கலரோடு தலைகீழாக வந்து விழும். பைக் கண்ணாடியின் 6 செ.மீ. பஸ்ஸை அப்படித் தாளில் பிடிக்க முடியாது. அங்கே ஒளி போய்ச் சேரவே இல்லை, வந்த மாதிரி தோன்றுகிறது, அவ்வளவே.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்ணாடியை வெயில் படுகிற ஜன்னலில் வைக்காதீர்கள். 15 செ.மீ. கண்ணாடி மேல் விழுகிற வெயில் முழுவதும் 5 மி.மீ.க்கும் குறைந்த ஒரு பொட்டில் சேரும். செறிவு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஜன்னல் திரையில் ஒரு பழுப்புக் கோடு விழுந்து, எலி என்று வெகுநாள் சந்தேகப்பட்டார்கள்.

14 ஜூன்

"டிஷ் ஆன்டெனாவும் குழியாடிதானே? அது ஏன் பளபளப்பாக இல்லை?"

குழியாடிதான், பரவளைய வடிவில். கோள வளைவு என்றால் விளிம்பில் படும் கதிர்கள் வேறு இடத்தில் போய்ச் சேரும், பரவளையம் எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு அனுப்பும். பளபளப்பு தேவையில்லை. டிவி சிக்னலின் அலைநீளம் சுமார் இரண்டரை செ.மீ. அந்த அலைக்குப் பெயின்ட் அடித்த தகரமே கண்ணாடி. உப்புக்காற்றில் துருப்பிடித்தால்கூட வேலை செய்யும், காகம் உட்கார்ந்து நெளித்துவிட்டால்தான் போச்சு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால் தொலைநோக்கிக் கண்ணாடியில் சின்னப் பிசகும் பொறுக்காது. ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் கண்ணாடியில் விளிம்பை இரண்டு மைக்ரான் சொச்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டார்கள். படம் மங்கலாக வந்து, 1993-இல் விண்வெளிக்கே ஆளனுப்பித் திருத்த வேண்டியதாயிற்று. நம் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, பார்க்காதவர்கள் ஒருமுறை போய் வாருங்கள்.

17 ஜூன்

தட்டைக் கண்ணாடி வெயிலைக் குவிக்காது, பரப்பும். இதை நான் கற்றது 2010 ஜனவரி 15, வளைய சூரிய கிரகணத்தன்று. தை அமாவாசை, மாட்டுப் பொங்கலும் அன்றைக்குத்தான். ராமேஸ்வரம், தனுஷ்கோடி எல்லாம் வளையம் தெரியும் பாதைக்குள் இருந்ததால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கேமராவோடு வந்து இறங்கியிருந்தார்கள். எங்களிடம் கிரகணக் கண்ணாடி கிடையாது. ஒரு வெட்டுத் துண்டுக் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, முற்றத்தில் ஸ்டூல் மேல் வைத்து, இருபது மீட்டர் தள்ளி இருந்த இருட்டான கொட்டகைச் சுவரில் வெயிலை அடித்தோம்.

ஓட்டை சதுரம். சுவரில் விழுந்தது வட்டம், ஏறக்குறைய ஒரு சாண் அகலம். அது ஓட்டையின் நிழல் இல்லை, சூரியனின் படம். மதியம் ஒரு மணிக்கு மேல் பிறை மெலிந்து மெலிந்து கடைசியில் இரண்டு கொம்பும் சேர்ந்து வளையமாகிவிட்டது. வளையம் பத்து நிமிடம் போல் நின்றது. ஆனால் சுவரில் நிற்காது, நிமிடத்துக்கு அரைச் சாண் நகரும். ஒரு பையன் ஸ்டூல் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தான். பாவம், அவன் மட்டும் வளையத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

18 ஜூன்

ஏன் வட்டம்? சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம். எவ்வளவு சின்னக் கண்ணாடி என்றாலும் திருப்பியனுப்பும் வெயில் அதே அரை டிகிரி விரியும். கிலோமீட்டருக்கு 9 மீட்டர். தூரம் கூடக்கூட கண்ணாடியின் வடிவம் மறைந்து சூரியனின் வடிவம் மட்டும் மிஞ்சும்.

தனுஷ்கோடி சாலையில் தூரத்தில் தண்ணீர் தேங்கிய மாதிரி தெரிவதும் எதிரொளிப்பா என்று கேட்டவருக்கு: இல்லை, அது கானல். தார் சூட்டில் கீழ்க்காற்று லேசாகி ஒளி மேலே வளைகிறது. தனி இழை தொடங்குங்கள்.

19 ஜூன்

கடல் மட்டும் கண்ணாடி இல்லையா? உண்டு, அரைகுறைக் கண்ணாடி. நேர் மேலிருந்து விழும் ஒளியில் 2 சதவீதம்தான் திரும்பும், சாய்ந்து உரசிக்கொண்டு போனால் ஏறக்குறைய எல்லாமே திரும்பும். பாம்பன் பாலத்தில் நின்று நேர் கீழே பாருங்கள், பாறை தெரியும். அப்படியே கண்ணை உயர்த்தினால் கடல் போய் வானம்தான் இருக்கும்.

21 ஜூன்

மேலே சொன்ன 9 மீட்டர் கணக்கை வல்லத்தில் (நாட்டுப்படகில்) கடலுக்குப் போகும் ஒரு மச்சான் பிடித்துக்கொண்டார். "இன்ஜின் நின்னு போயி, போனும் எடுக்கலைன்னா, கண்ணாடியை வச்சுக் காட்டலாமா?"

தாராளமாக. பத்து கிலோமீட்டர் தள்ளி உங்கள் வெயில் பொட்டு 90 மீட்டர் அகலம். படகு ஆடுவதே நல்லது, பொட்டு அங்குமிங்கும் வீசி மின்னல் மாதிரி வெட்டும், அதுதான் கண்ணில் படும். கப்பல்களின் உயிர்காப்புத் தெப்பத்தில் சைகைக் கண்ணாடி கட்டாயம். வெயிலைத் தூர மலைக்கு அனுப்பி நில அளவை செய்யும் கருவியை ஜெர்மன் கணித மேதை காஸ் 1821-இலேயே செய்துவிட்டார். சூரியனும் தெரிய வேண்டும், எதிராளும் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

குறிபார்க்க: ஒரு கையை நீட்டி இரண்டு விரலை விரித்து, நடுவில் அந்தக் கப்பலை வையுங்கள். கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து வெயில் பொட்டை முதலில் விரலில் விழவைத்து, இரண்டு விரலுக்கும் நடுவே ஆட்டுங்கள். பொட்டு போகிற வழியில் கப்பல் தானாக மாட்டும்.

இரவில் இது உதவாது. அதற்குத்தான் படகுக் கம்பத்தில் மூன்று தகடுகளைச் சரிகோணத்தில் சேர்த்துக் கட்டுகிற ரேடார் பிரதிபலிப்பான். மூன்று தட்டைக் கண்ணாடி மூலையாகச் சேர்ந்தால் எங்கிருந்து வந்தாலும் வந்த வழியே திருப்பியனுப்பும், ஆடினாலும் திரும்பினாலும் கவலையில்லை. 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இந்த மாதிரி நூறு மூலைகளை வைத்துவிட்டு வந்தது, இன்றும் லேசர் அடித்துத் தூரம் அளக்கிறார்கள். 2023-இல் நிலவில் இறங்கிய நம் சந்திரயான்-3-இன் விக்ரம் கலத்திலும் சின்னதாக ஒன்று இருக்கிறது.

22 ஜூன்

மச்சான்மார் இரண்டு பேர் கடைக்கே வந்துவிட்டார்கள், வெட்டுத் துண்டு கேட்டு. விளிம்பு தேய்த்துக் கொடுத்தேன், காசு வேண்டாம். ஆனால் வல்லத்தில் கண்ணாடி உடையும், காலில் ஏறும். அதைவிட வீட்டில் கிடக்கும் பழைய சிடி நல்லது. உடையாது, தண்ணீரில் கெடாது. நடுவில் ஓட்டை இருக்கிறதே, அதன் வழியே கப்பலைப் பார்த்துக்கொண்டே குறிவைக்கலாம். பளபளப்புப் பக்கம் வெயிலைப் பார்த்து இருக்கட்டும், கயிறு கோத்துக் கட்டி வையுங்கள்.